புல்லட்டுக்கு எத்தனை பல்? ஒர்க்ஷீட்டில் கணக்குப் போடலாம் வாங்க!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் மாதம் பாட்டும் படமும் கேம்ஸுமாகப் போய்விடும். இரண்டாம் மாதம் ஒரு கேள்வி வரும்: "இவ்வளவு பணம் போட்டு வாங்கினோமே, இதில் உருப்படியாக என்ன செய்யலாம்?" அந்தக் கேள்விக்கு நல்ல பதில் ஒன்று உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. அதுதான் ஸ்ப்ரெட்ஷீட் புரோகிராம். மைக்ரோசாப்ட் எக்ஸெல் இருந்தால் சரி. இல்லாவிட்டால் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமை இலவசமாக டவுன்லோட் செய்து நிறுவிக் கொள்ளலாம். இந்தக் கட்டுரையில் சொல்லும் எல்லாமே இரண்டிலும் வேலை செய்யும்.

பலர் இந்தப் புரோகிராமை ஒரு முறை திறந்து பார்த்திருப்பார்கள். வெறும் கட்டங்களைக் கண்டதும் "இது ஆபீஸ் கணக்குக்கு" என்று மூடியிருப்பார்கள். 1979-ல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக விசிகால்க் என்ற முதல் ஸ்ப்ரெட்ஷீட் வெளிவந்தபோது, மக்களைக் கவர்ந்தது ஒரே ஒரு விஷயம்தான். ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லா எண்களும் தானாக மாறின. "இப்படிச் செய்தால் என்ன ஆகும்?" என்ற கேள்விக்குக் காசு செலவில்லாமல் விடை கிடைத்தது. நாமும் அப்படி ஒரு கேள்வியை எடுத்துக் கொள்வோம். வரவு செலவுக் கணக்கு வேண்டாம். மோட்டார் சைக்கிள் கணக்கு!

அண்ணனின் புல்லட்

என் அண்ணன் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறார். கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி வழியாக ஒரு பக்கம் சுமார் 40 கி.மீ. சமதளமான நான்குவழிச் சாலை. வண்டி, 1990-களில் வந்த வார்ப்பிரும்பு என்ஜின் கொண்ட 350 சி.சி. புல்லட். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கைகோத்துச் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்ட் இந்தியாவின் வழியில் வந்த வண்டி. திருவொற்றியூரில் பிறந்த இந்த வகைப் புல்லட்கள் இன்றும் நம் ஊர்ச் சாலைகளில் ஓடிக் கொண்டுதான் இருக்கின்றன.

அண்ணனின் குறை இதுதான். "தம்பி, 60 வரைக்கும் ராஜா மாதிரி போகுது. 75, 80 வந்தா என்ஜின் கத்துது. பெட்ரோலும் குடிக்குது." ஒரு மெக்கானிக், "முன் ஸ்ப்ராக்கெட்டை 18 பல்லா மாத்திடுங்க, பறக்கும்" என்றார். இன்னொருவர், "18 போட்டா இழுவை போயிடும், கிளட்ச் காலி" என்றார். இரண்டு பேருமே அனுபவசாலிகள். யார் சொல்வதைக் கேட்பது?

தவறாக முடிவெடுத்தால் நஷ்டம் சின்னதல்ல. இந்தப் புல்லட்டில் முன் ஸ்ப்ராக்கெட் கிளட்ச்சுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அதை மாற்ற இடது பக்க பிரைமரி கேஸைத் திறந்து, கிளட்ச்சை முழுவதும் கழற்ற வேண்டும். ஒரு நாள் கூலி, உதிரிப் பாகம், பேக்கிங், ஆயில் எல்லாம் செலவு. பிடிக்கவில்லை என்றால் மறுபடியும் அதே செலவு! எனவே ஸ்பேனரைத் தொடும் முன் கம்ப்யூட்டரைத் தொடுவது என்று முடிவு செய்தோம்.

பல்லும் சுற்றும்

கணக்குக்குள் போகும் முன் வண்டிக்குள் நடப்பதைப் பார்த்து விடுவோம். என்ஜின் ஒரு நிமிடத்தில் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதை ஆர்.பி.எம். என்கிறோம். அந்தச் சுற்று நேராகச் சக்கரத்துக்குப் போவதில்லை. வழியில் மூன்று இடங்களில் குறைக்கப்படுகிறது.

முதலாவது, பிரைமரி செயின். என்ஜின் பக்கம் 25 பல், கிளட்ச் பக்கம் 56 பல். 56-ஐ 25-ஆல் வகுத்தால் 2.24. அதாவது என்ஜின் 2.24 சுற்று சுற்றினால்தான் கிளட்ச் ஒரு சுற்று சுற்றும்.

இரண்டாவது, கியர் பாக்ஸ். பழைய நான்கு கியர் புல்லட்டில் முதல் கியர் 2.78, இரண்டாவது 1.84, மூன்றாவது 1.36. டாப் கியரில் 1, அதாவது குறைப்பே இல்லை.

மூன்றாவது, வெளியே நாம் எண்ணெய் போடும் செயின். 350 சி.சி. வண்டியில் முன்னால் 16 பல், பின்னால் 38 பல். இதே அமைப்புள்ள 500 சி.சி. புல்லட்டில் முன்னால் 17 பல். பின் ஸ்ப்ராக்கெட் பிரேக் டிரம்மோடு சேர்ந்த ஒரே வார்ப்பு என்பதால், பல் மாற்ற நினைப்பவர்கள் முன்னால்தான் கை வைக்கிறார்கள்.

முன்னால் பல் கூடினால் அதே வேகத்துக்கு என்ஜின் சுற்று குறையும். ஆனால் சக்கரத்துக்குப் போகும் இழுவையும் அதே அளவில் குறையும். ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க முடியும். எவ்வளவு கொடுக்கிறோம், எவ்வளவு வாங்குகிறோம் என்பதுதான் கேள்வி.

முதலில் டேப், பிறகு மவுஸ்

சக்கரத்தின் சுற்றளவு நமக்குத் தேவை. டயரில் எழுதியிருக்கும் அளவை வைத்தும் கணக்கிடலாம். ஆனால் ஆள் உட்கார்ந்தால் டயர் அமுங்கும். எனவே அளந்து பார்ப்பதே நல்லது. டயரில் சாக்பீஸால் ஒரு கோடு, அது தரையைத் தொடும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். ஒருவர் வண்டியில் உட்கார்ந்திருக்க, பின் சக்கரம் சரியாக ஐந்து சுற்று சுற்றும் வரை நேராகத் தள்ளுங்கள். தரையில் மறு கோடு போட்டு டேப்பால் அளங்கள். எங்களுக்கு 10.15 மீட்டர் வந்தது. ஐந்தால் வகுத்தால் 2.03 மீட்டர். ஒரே சுற்றை அளந்தால் வரும் சிறு பிழை, ஐந்து சுற்றை அளக்கும்போது ஐந்தில் ஒரு பங்காகி விடும்.

ஒர்க்ஷீட்டைத் தயாரிப்போம்

புரோகிராமைத் திறந்து புதிய ஒர்க்ஷீட்டை எடுத்துக் கொள்ளுங்கள். மேலே இடமிருந்து வலமாக ஏ, பி, சி என்று போகும் எழுத்துகள் நெடுவரிசைகள். இடது ஓரத்தில் 1, 2, 3 என்று இறங்குபவை வரிசைகள். பி நெடுவரிசையும் 5-ம் வரிசையும் சந்திக்கும் கட்டம் பி5 செல். இங்கே தமிழில் பி5 என்று எழுதியிருந்தாலும் கீபோர்டில் ஆங்கில எழுத்தைத்தான் தட்ட வேண்டும். தமிழ் டைப்பிங் வைத்திருப்பவர்கள் ஃபார்முலா எழுதும்போது ஆங்கிலத்துக்கு மாற மறக்காதீர்கள்.

ஏ1 செல்லில் "புல்லட் கியர் கணக்கு" என்று தலைப்புக் கொடுங்கள். பிறகு கீழே உள்ளபடி ஏ நெடுவரிசையில் பெயரையும் பி நெடுவரிசையில் எண்ணையும் டைப் செய்யுங்கள்.

2-ம் வரிசை: என்ஜின் பக்கப் பல் – 25
3-ம் வரிசை: கிளட்ச் பக்கப் பல் – 56
4-ம் வரிசை: கியர் விகிதம் – 1
5-ம் வரிசை: முன் ஸ்ப்ராக்கெட் பல் – 16
6-ம் வரிசை: பின் ஸ்ப்ராக்கெட் பல் – 38
7-ம் வரிசை: சக்கரச் சுற்றளவு, மீட்டரில் – 2.03

ஒரு எச்சரிக்கை. பி செல்களில் எண்ணை மட்டும் டைப் செய்யுங்கள். "16 பல்" என்று சேர்த்து அடித்தால் கம்ப்யூட்டர் அதை எழுத்தாகவே எடுத்துக் கொள்ளும். பிறகு கணக்குப் போடச் சொன்னால் பிழைச் செய்திதான் வரும். புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது.

இப்போது ஃபார்முலா. எந்த ஃபார்முலாவும் சமக் குறியுடன் தொடங்க வேண்டும். ஏ8 செல்லில் "மாறாத பகுதி" என்று எழுதி விட்டு, பி8 செல்லில் இதை டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

=பி3/பி2*பி4*பி6

85.12 என்று விடை வரும். செல் பெயர்களை டைப் செய்யத் தயக்கமாக இருந்தால் வேறு வழியும் உண்டு. சமக் குறி போட்டு விட்டு, பி3 செல்லை மவுஸால் கிளிக் செய்யுங்கள். சாய்கோடு போட்டு, பி2 செல்லைக் கிளிக் செய்யுங்கள். பெயர்கள் தாமாகவே வந்து உட்காரும்.

ஏ9-ல் "மொத்த விகிதம்" என்று எழுதி, பி9-ல் =பி8/பி5 என்று கொடுங்கள். விடை 5.32. டாப் கியரில் என்ஜின் 5.32 சுற்று சுற்றினால் பின் சக்கரம் ஒரு சுற்று சுற்றும் என்று பொருள்.

ஏ10-ல் "வேகம், மணிக்கு கி.மீ." என்று எழுதி, பி10-ல் 60 என்று கொடுங்கள். ஏ11-ல் "ஆர்.பி.எம்." என்று எழுதி, பி11-ல் கீழே உள்ள ஃபார்முலாவைக் கொடுங்கள்.

=பி10*1000/60/பி7*பி9

இதை மனப்பாடம் செய்ய வேண்டாம், புரிந்து கொள்ளுங்கள். கிலோமீட்டரை 1000-ஆல் பெருக்கினால் மீட்டர். மணியை 60-ஆல் வகுத்தால் நிமிடம். ஒரு நிமிடத்தில் வண்டி போகும் மீட்டரைச் சக்கரச் சுற்றளவால் வகுத்தால், சக்கரம் எத்தனை சுற்று என்று தெரியும். அதை மொத்த விகிதத்தால் பெருக்கினால் என்ஜின் சுற்று. விடை 2621-ஐ ஒட்டி வரும். புள்ளிக்குப் பின் நிறைய எண்கள் வந்தால், செல்லை ரைட் கிளிக் செய்து ஃபார்மட் செல்ஸ் பகுதிக்குப் போய், தசம இடங்களைப் பூஜ்யம் ஆக்கி விடுங்கள்.

இப்போது பி5-ல் இருக்கும் 16-ஐ 17 என்று மாற்றிப் பாருங்கள். கண் இமைக்கும் நேரத்தில் 2467! கிளட்ச்சைக் கழற்றவில்லை, கையில் கிரீஸ் ஒட்டவில்லை. பார்த்து விட்டு மறக்காமல் மறுபடி 16 ஆக்கி விடுங்கள். கன்ட்ரோல் கீயுடன் எஸ் கீயை அழுத்தி ஃபைலைச் சேமித்துக் கொள்ளுங்கள்.

டாலர் குறியின் மகிமை

ஒவ்வொரு முறையும் எண்ணை மாற்றிப் பார்ப்பதை விட, எல்லா விடைகளையும் ஒரே அட்டவணையில் பார்ப்பது வசதி. பி13, சி13, டி13 செல்களில் 16, 17, 18 என்று டைப் செய்யுங்கள். ஏ14 முதல் ஏ17 வரை 50, 60, 70, 80 என்று வேகங்களைக் கொடுங்கள். பி14 செல்லில் இந்த ஃபார்முலாவை எழுதுங்கள்.

=$ஏ14*1000/60/$பி$7*$பி$8/பி$13

டாலர் குறிக்கும் அமெரிக்கப் பணத்துக்கும் இங்கே சம்பந்தம் இல்லை. ஃபார்முலாவை வேறு செல்லுக்கு இழுத்துச் செல்லும்போது செல் பெயர்களும் கூடவே நகரும். நகரக் கூடாத எழுத்துக்கோ எண்ணுக்கோ முன்னால் டாலர் போட்டால் அது ஆணி அடித்தது போல நிற்கும். சக்கரச் சுற்றளவு எப்போதும் பி7-ல்தான் இருக்கிறது. எனவே அதற்கு இரண்டு ஆணி. வேகம் ஏ நெடுவரிசையை விட்டு விலகக் கூடாது, ஆனால் வரிசை இறங்கலாம். எனவே எழுத்துக்கு மட்டும் ஆணி. பல் எண்ணிக்கை 13-ம் வரிசையை விட்டு விலகக் கூடாது. எனவே எண்ணுக்கு மட்டும் ஆணி.

இப்போது பி14 செல்லைக் கிளிக் செய்யுங்கள். அதன் வலது கீழ் மூலையில் தெரியும் சிறு புள்ளியைப் பிடித்து டி14 வரை இழுங்கள். மூன்று செல்களும் தேர்வான நிலையிலேயே மறுபடி அந்தப் புள்ளியைப் பிடித்து 17-ம் வரிசை வரை கீழே இழுங்கள். இதோ அட்டவணை.

வேகம் 50: 16 பல் – 2184, 17 பல் – 2055, 18 பல் – 1941
வேகம் 60: 16 பல் – 2621, 17 பல் – 2467, 18 பல் – 2330
வேகம் 70: 16 பல் – 3057; 17 பல் – 2878; 18 பல் – 2718
வேகம் 80: 16 பல் – 3494, 17 பல் – 3289, 18 பல் – 3106

2018-ல் மத்திய அரசு நான்குவழிச் சாலையில் மோட்டார் சைக்கிளின் உச்ச வேக வரம்பை மணிக்கு 80 கி.மீ. என்று அறிவித்தது. சாலையோரப் பலகையில் அதை விடக் குறைவாக எழுதியிருந்தால் அதுதான் வரம்பு. எனவே அட்டவணையை 80-க்கு மேல் நீட்டத் தேவையில்லை.

இனி பி4 செல்லில் 1-க்குப் பதில் முதல் கியரின் 2.78-ஐயும், ஏ14 செல்லில் 12 என்ற வேகத்தையும் கொடுத்துப் பாருங்கள். கூட்டத்தில் ஊர்ந்து போகும் நிலை இது. மூன்று பல்லுக்கும் முறையே 1457, 1371, 1295 என்று வரும். பல் கூடக் கூட, நெரிசலில் என்ஜின் சுற்று கீழே போகிறது. என்ஜின் அணைந்து விடாமல் இருக்கக் கிளட்ச்சை அரை பிடியில் வைத்து ஓட்டும் நேரம் அதிகமாகும். இழுவைக் கணக்கும் எளிதுதான். 16-ஐ 17-ஆல் வகுத்தால் இழுவை சுமார் 6% குறைகிறது என்று தெரியும். 16-ஐ 18-ஆல் வகுத்தால் சுமார் 11% குறைவு. பார்த்து முடித்ததும் பி4-ஐ 1 ஆகவும் ஏ14-ஐ 50 ஆகவும் திருப்பி விடுங்கள்.

கம்ப்யூட்டர் கேட்டதைத்தான் சொல்லும்

அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். "80-ல் சரியா 3000 சுத்து சுத்தணும்னா எத்தனை பல் போடணும்?" இதற்கு ஒரு வசதி இருக்கிறது. பெயர் கோல் சீக். கால்க் புரோகிராமில் டூல்ஸ் மெனுவில் இருக்கும். எக்ஸெல்லில் டேட்டா பகுதியில் வாட் இஃப் அனலிசிஸ் என்பதன் கீழ் இருக்கும். முதலில் பி10-ல் 80 என்று கொடுங்கள். கோல் சீக்கைத் திறந்து, ஃபார்முலா செல் பி11, இலக்கு 3000, மாற வேண்டிய செல் பி5 என்று கொடுத்து ஓகே தட்டுங்கள்.

விடை 18.64 பல்! கடைக்காரரிடம் போய் முக்கால் பல் கேட்க முடியுமா? கம்ப்யூட்டர் நாம் கேட்டதற்குச் சரியாகவே பதில் சொல்கிறது. அது நடைமுறைக்கு ஆகுமா என்று பார்ப்பது நம் வேலை. பி5-ஐ மறுபடி 16 ஆக்கி விடுங்கள்.

அட்டவணையைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. 80-ல் 3494 என்கிறது கணக்கு. இந்த என்ஜின் தன் முழு சக்தியான 18 குதிரைத் திறனைக் கொடுப்பதே 5625 ஆர்.பி.எம்.மில்தான். அதோடு ஒப்பிட்டால் 3494 என்பது "கத்தும்" அளவு இல்லையே? அண்ணனின் காது பொய் சொல்கிறதா, என் கணக்கு பொய் சொல்கிறதா? அளந்து பார்த்தால்தான் தெரியும்.

ஆர்.பி.எம். மீட்டர் பொருத்துவோம்

இந்தப் புல்லட்டில் ஸ்பீடோமீட்டர் உண்டு, ஆர்.பி.எம். மீட்டர் கிடையாது. டேக்கோமீட்டர் என்ற அந்தக் கருவியைத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். கடைகளில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, வண்டி பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்து முள் காட்டும் வகை. இதை வாங்கும் முன் உங்கள் வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பாருங்கள். சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் வயரிலிருந்து, சிறிய ஃபியூஸ் வழியாக இணைப்புக் கொடுக்க வேண்டும். இன்னொன்று, உள்ளேயே பட்டன் செல் வைத்த சிறிய டிஜிட்டல் வகை. இதன் ஒற்றை வயரை ஸ்பார்க் பிளக் வயர் மேல் நான்கைந்து சுற்று சுற்றிக் கட்டினால் போதும். வண்டியின் எந்த வயரையும் வெட்ட வேண்டாம். புதியவர்களுக்கு இதுவே நல்லது. நாங்களும் இதைத்தான் வாங்கினோம். வயரை சைலன்சர் பக்கம் போக விடாதீர்கள். ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுவதும் திருப்பி, வயர் இழுபடவில்லை என்று பார்த்துக் கட்டுங்கள்.

இந்த மீட்டர் உண்மையில் சுற்றை எண்ணுவதில்லை. பிளக்கில் வரும் பொறியை எண்ணுகிறது. இங்கேதான் ஒரு சிக்கல். நான்கு ஸ்ட்ரோக் என்ஜினுக்கு இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி போதும். சி.பி. பாயின்ட் உள்ள பழைய புல்லட்டில் பாயின்ட்டைத் திறக்கும் கேம், என்ஜினின் பாதி வேகத்தில்தான் சுற்றுகிறது. எனவே இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி. ஆனால் எலக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள பல வண்டிகளில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி வரும். அதில் ஒன்று வீண் பொறி. மீட்டரில் இதற்கு ஒரு செட்டிங் உண்டு. அதைத் தவறாக வைத்தால் மீட்டர் பாதியையோ இரு மடங்கையோ காட்டும்.

கணக்கும் மீட்டரும் சந்திக்கும் இடம்

ஒர்க்ஷீட்டில் இ13 செல்லில் "மீட்டர் காட்டியது" என்றும் எஃப்13 செல்லில் "வித்தியாசம் %" என்றும் எழுதுங்கள். எஃப்14-ல் இந்த ஃபார்முலாவைக் கொடுத்து 17-ம் வரிசை வரை இழுங்கள்.

=(இ14-பி14)/பி14*100

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் சாலையில் கிளம்பினோம். அண்ணன் ஓட்ட, நான் பின்னால். என் கையில் ஜி.பி.எஸ். வேகம் காட்டும் செல்போனும் ஒரு சிறு நோட்டும். ஸ்பீடோமீட்டரை நம்பாமல் ஜி.பி.எஸ். வேகத்தை எடுத்ததற்குக் காரணம், ஸ்பீடோமீட்டர்கள் சற்றுக் கூட்டிக் காட்டுவது வழக்கம். வண்டி ஓட்டுபவர் போனைப் பார்க்கவே கூடாது. இருவருக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

50-ல் மீட்டர் காட்டியது 1100. கணக்கு 2184. வித்தியாசம் கிட்டத்தட்ட மைனஸ் 50%. சரியாகப் பாதி என்றதும் காரணம் புரிந்து விட்டது. மீட்டர், சுற்றுக்கு ஒரு பொறி என்ற செட்டிங்கில் இருந்தது. ஓரமாக நிறுத்தி, இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி என்று மாற்றினோம். கணக்கு கையில் இல்லாவிட்டால், 1100-ஐ உண்மை என்றே நம்பியிருப்போம்!

அதன் பிறகு 50-ல் 2200, 60-ல் 2650, 70-ல் 3080. வித்தியாசம் ஒரு சதவீதத்தை ஒட்டியே இருந்தது. ஆனால் 80-ல் 3900! கணக்கை விட 400-க்கு மேல் அதிகம், அதாவது சுமார் 11.6%. அதே போல, வழியில் ஒரு மேம்பாலம் ஏறும்போது 70-ல் 3350 காட்டியது. ஏறி இறங்கி, த்ராட்டிலைத் தளர்த்தியதும் மறுபடி 3080.

யோசித்துப் பாருங்கள். பல்லோடு பல் கோத்த செயின் வழுக்காது. டாப் கியரில் விகிதம் மாற வழியில்லை. அப்படியானால் என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே வழுக்கக் கூடிய ஒரே இடம் எது? கிளட்ச்! சுமை குறைவாக இருக்கும்போது பிடித்துக் கொள்கிறது. சுமை கூடினால் வழுக்குகிறது. அண்ணனின் காது பொய் சொல்லவில்லை. என்ஜின் உண்மையிலேயே கத்தியது. ஆனால் அதற்குக் காரணம் பல் எண்ணிக்கை அல்ல. மைலேஜ் குறைந்ததற்கும் ஒரு காரணம் கிடைத்து விட்டது.

மெக்கானிக் சொன்னபடி நேராக 18 பல் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மொத்த விகிதம் குறைவதால் கிளட்ச் மேல் சுமை இன்னும் கூடியிருக்கும். ஏற்கெனவே வழுக்கிக் கொண்டிருந்த பிளேட் சீக்கிரமே கருகியிருக்கும்.

முடிவு என்ன ஆனது?

முதலில் செலவில்லாத வேலை. கிளட்ச் கேபிளில் போதிய தளர்வு இருக்கிறதா என்று பார்த்துச் சரி செய்தோம். வழுக்கல் கொஞ்சம் குறைந்தது, முழுவதும் போகவில்லை. பிரைமரி கேஸைத் திறந்தபோது கிளட்ச் பிளேட்கள் தேய்ந்து போயிருந்தன. பிளேட் மாற்ற எப்படியும் கிளட்ச்சைக் கழற்றியாக வேண்டும். முன் ஸ்ப்ராக்கெட் அதற்குப் பின்னால்தானே இருக்கிறது! கூடுதல் கூலி அதிகம் இல்லை என்பதால் அட்டவணையை மறுபடி பார்த்தோம். அண்ணன் போவது பெரும்பாலும் சமதளச் சாலை. 17 பல்லில் 80-ல் சுமார் 200 சுற்று குறைகிறது, இழுவை 6% மட்டுமே போகிறது. 18 பல்லின் 11% நஷ்டம், வார இறுதியில் குடும்பத்தோடும் மூட்டையோடும் போகும் அவருக்குச் சரிப்படாது. எனவே 17.

பல் கூடியதால் செயின் சற்று இறுகும். பின் சக்கரத்தைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி, செயினில் சரியான தொய்வு வைக்க வேண்டும். நகர்த்த இடம் இல்லாவிட்டால் செயின் நீளத்தை மாற்ற வேண்டியிருக்கும்.

வேலை முடிந்த பின் மறுபடியும் அதே சாலை. இம்முறை சி நெடுவரிசையுடன் ஒப்பிட்டோம். 70-ல் கணக்கு 2878, மீட்டர் 2900. 80-ல் கணக்கு 3289, மீட்டர் 3320. மேம்பாலம் ஏறும்போதும் எண் குதிக்கவில்லை. மேட்டில் முன்பை விடச் சற்று சீக்கிரம் மூன்றாவது கியருக்கு வர வேண்டியிருக்கிறது என்று அண்ணன் சொல்கிறார். அது அட்டவணை முன்பே சொன்னதுதான்.

நீங்கள் செய்யும் முன்

எங்கள் எண்களை அப்படியே எடுத்துக் கொள்ளாதீர்கள். பழைய வண்டிகளில் முந்தைய உரிமையாளர் எதையாவது மாற்றியிருக்கலாம். வெளியே தெரியும் பற்களை நீங்களே எண்ணுங்கள். உள்ளே இருக்கும் விகிதங்கள் வண்டியோடு வரும் கையேட்டில் தொழில்நுட்ப விவரம் என்ற பக்கத்தில் இருக்கும். பல வண்டிகளில் பிரைமரி செயினுக்குப் பதில் கியர் சக்கரங்கள் இருக்கும். ஃபார்முலா மாறாது.

இந்தப் புல்லட்டில் ஸ்பீடோமீட்டர் கேபிள் முன் சக்கரத்திலிருந்து வருகிறது. எனவே ஸ்ப்ராக்கெட் மாற்றினாலும் வேகம் காட்டுவது மாறாது. சில வண்டிகளில் கியர் பாக்ஸின் வெளி ஷாஃப்டிலிருந்து வேகத்தை எடுப்பார்கள். அவற்றில் பல் மாற்றினால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும். கம்ப்யூட்டர் கட்டுப்பாடு உள்ள இன்றைய வண்டிகளிலும், வாரண்டி முடியாத வண்டிகளிலும் கை வைக்காதீர்கள். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. சந்தேகம் இருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு விட்டுச் செய்யுங்கள்.

புல்லட் இல்லையே என்கிறீர்களா? கவலை வேண்டாம். கியர் சைக்கிள் இருந்தால் பெடல் பக்கப் பல், பின் பக்கப் பல் இரண்டையும் போட்டு இதே ஒர்க்ஷீட்டைச் செய்யலாம். வயலில் பெல்ட் போட்ட பம்ப்செட் இருந்தால் பல் எண்ணிக்கைக்குப் பதில் புல்லியின் விட்டத்தைக் கொடுங்கள். கணக்கு அதேதான். ஒரு வித்தியாசம் உண்டு. செயின் வழுக்காது, பெல்ட் வழுக்கும். கணக்குப்படி வர வேண்டிய சுற்று பம்ப்பில் வரவில்லை என்றால் பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று பிடித்து விடலாம்.

ஒர்க்ஷீட் தரும் விடையோடு நின்று விடாதீர்கள். பக்கத்திலேயே ஒரு நெடுவரிசை விட்டு, அளந்த எண்ணையும் எழுதிப் பாருங்கள். இரண்டும் ஒத்துப் போனால் நிம்மதி. ஒத்துப் போகாவிட்டால் அந்த வித்தியாசத்தைத் துரத்திப் போங்கள். எங்களுக்கு அது கிளட்ச்சைக் காட்டியது. உங்களுக்கு எதைக் காட்டுகிறது என்று இந்த ஞாயிற்றுக்கிழமையே முயன்று பாருங்களேன்!